மட்டக்குதிரை சிலிண்டர்

கடலுக்கடியில் காற்று தீர்ந்துபோனால் எப்படி இருக்கும் என்பதை ஸ்கூபா பயிற்சியின் ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். நீச்சல் குளத்தின் அடியில் நம்மை முட்டிபோட வைத்துவிட்டு, பயிற்சியாளர் முதுகுப் பக்கம் போய் சிலிண்டர் வால்வை மெல்ல மூடுவார். முதல் மூச்சு வழக்கம்போல வரும். அடுத்தது கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். மூன்றாவது பாதியிலேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு மூடிபோட்ட புட்டியை உறிஞ்சுவது மாதிரிதான். கையைக் கழுத்தின் குறுக்கே வெட்டுவதுபோல் காட்டினால் வால்வைத் திறந்துவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். பழைய, எளிய ரெகுலேட்டர்களில் சிலிண்டரின் அழுத்தம் குறையக் குறைய மூச்சு கனத்துக்கொண்டே வரும். கவனமில்லாத ஆளுக்கும் அது ஒரு முன்னறிவிப்பு. இன்றைய நல்ல ரெகுலேட்டரோ 200 பார் இருந்தாலும் 30 பார் இருந்தாலும் ஒரே சுகமாகக் காற்றைத் தரும். கடைசி சில மூச்சுகள் வரை ஒன்றும் தெரியாது. கருவி உசத்தியாக உசத்தியாக எச்சரிக்கை குறுகிவிட்டது.

அந்தக் கடைசி மூச்சுக்காகத்தான் சிலர் இடுப்போரம் இன்னொரு குட்டி சிலிண்டரைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். அதற்குப் போனி பாட்டில் என்று பெயர். போனி என்றால் மட்டக்குதிரை. எங்கள் படகில் யாரோ ஒருமுறை விளையாட்டாக அப்படி மொழிபெயர்க்கப்போய் அதுவே நிலைத்துவிட்டது. "மட்டக்குதிரையைக் கட்டியாச்சா?" என்றுதான் இப்போதும் கேட்டுக்கொள்கிறோம்.

எல்லாக் கடலுக்கும் இது தேவையில்லை. 12 மீட்டர் ஆழத்தில் பவளப்பாறை பார்ப்பவருக்கு இது வெறும் சுமை என்பது என் கட்சி. அங்கே காற்று நின்றாலும் கூட வரும் துணைவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். அவரும் இல்லையென்றால், மூச்சை அடக்காமல் மெதுவாக ஊதிக்கொண்டே மேலே வந்துவிடலாம். ஊதிக்கொண்டே என்பது முக்கியம். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். அடக்கிவைத்தால் நுரையீரல் கிழியும்.

ஆழம் கூடினால் கணக்கு மாறிவிடும். மட்டக்களப்புப் பக்கத்துக் கடலை எடுத்துக்கொள்வோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அங்கே ஒரே நாளில் மூழ்கடித்த கப்பல்களில் இரண்டு இன்றைக்கும் முக்குளிப்பவர்களை இழுக்கின்றன. பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கல்குடா பக்கம் சுமார் 24 மீட்டரில் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் என்ற பெயருடைய ஹெர்மீஸ், மட்டக்களப்புக்கு வெளியே சுமார் 53 மீட்டரில் கிடக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு பார் கூடும். மேலே இருக்கும் காற்றின் ஒரு பாரையும் சேர்த்தால் முதல் கப்பலில் 3.4 பார், இரண்டாவதில் 6.3 பார். ரெகுலேட்டர் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்திலேயே காற்றைத் தருவதால், ஹெர்மீஸில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் சிலிண்டரிலிருந்து கரையில் இழுப்பதைப்போல ஆறு மடங்குக்கு மேல் காற்றை எடுக்கிறது. அழுத்தமும் கன அளவும் எதிரெதிராகப் போகும் என்று 1662இல் ராபர்ட் பாயில் எழுதிவைத்த விதி, இங்கே நம் மூச்சுக்கு விலை போட்டுவிடுகிறது.

பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். ஹெர்மீஸ் அதைத் தாண்டிய இடம். இரட்டைச் சிலிண்டரும் தனிப் பயிற்சியும் வேண்டும். மட்டக்குதிரையைக் காட்டி அங்கே இறங்குகிறேன் என்பவரோடு நான் படகேற மாட்டேன். குட்டி சிலிண்டருக்கான சரியான இடம், ஏறக்குறைய 20 மீட்டரிலிருந்து 40 மீட்டர் வரை இருக்கும் நடுப்பகுதிதான்.

கடலுக்கடியில் சேமிப்பு வேண்டும் என்ற யோசனை ஸ்கூபாவைப் போலவே பழையது. 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும், ஏர் லிக்கிட் நிறுவனத்தின் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து ஆக்வாலங் கருவியை உருவாக்கினார்கள். போர்க்கால எரிபொருள் பஞ்சத்தில் வாயுவைக் கொண்டு கார் ஓட்டுவதற்காகக் கான்யான் செய்திருந்த வால்வுதான் அதற்குத் தாய். பிற்பாடு முக்குளிப்பவர்கள் கையில் அழுத்தமானி இல்லாத காலத்தில், சிலிண்டர் வால்வுக்குள்ளேயே ஒரு ஸ்பிரிங் வைத்தார்கள். அழுத்தம் சுமார் 20 பாருக்கு இறங்கியதும் ஸ்பிரிங் வழியை அடைக்கும், மூச்சு இறுகும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைக் கீழே இழுத்தால் மிச்சக் காற்று வரும், மேலே ஏறிவிடலாம். ஜே வால்வு என்று பெயர். அந்தக் கம்பி வலையிலோ கயிற்றிலோ மாட்டி முன்னமே கீழே இறங்கியிருந்தால்? அல்லது காற்று நிரப்பிய பிறகு அதை மேலே தூக்கிவைக்க மறந்திருந்தால்? எந்த அடையாளமும் இருக்காது. மூச்சு இறுகும்போது கம்பியைத் தேடினால், அது ஏற்கனவே கீழே கிடக்கும். சேமிப்பு எப்போதோ செலவாகியிருக்கும்.

இப்போது எல்லோரிடமும் இருக்கும் மஞ்சள் நிற உதிரி வாய்ப்பகுதியும், அதாவது ஆக்டோபஸும், இந்த விஷயத்தில் பெரிதாக உயர்ந்தது இல்லை. கூட வருபவருக்குக் காற்றுக் கொடுக்க அது அருமையான ஏற்பாடு. ஆனால் அது நம் ரெகுலேட்டரின் அதே முதல் நிலையிலிருந்து, அதாவது சிலிண்டர் வால்வில் மாட்டும் பகுதியிலிருந்து, அதே சிலிண்டரிலிருந்துதான் குடிக்கிறது. ஒரு கிணற்றில் இரண்டு வாளி.

துணைவரின் கிணற்றில் எவ்வளவு இருக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். 50 பாரோடு படகேற வேண்டும் என்பது பல இடங்களில் விதி. 50 பார் என்றால் 550 லிட்டர். நிதானமாக இருப்பவர் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் காற்று இழுப்பார். பயந்துவிட்டால் 40 லிட்டர் சாதாரணம். 30 மீட்டரில், 4 பார் அழுத்தத்தில், பயந்த ஒருவருக்கு நிமிடத்துக்கு 160 லிட்டர் வேண்டும், இருவருக்கு 320. முகத்தோடு முகம் பார்த்து, வாய்ப்பகுதியை மாற்றிக்கொண்டு, கையைப் பிடித்து நிதானப்பட ஒரு நிமிடம் ஆகாதா? அந்த ஒரு நிமிடத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. மீதி 230 லிட்டரில் இருவரும் 30 மீட்டர் ஏற வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற பாதுகாப்பான வேகத்தில் ஏறினால் போதவே போதாது.

முத்துக்குளித்தவர்களின் இடுப்புக் கயிறு மேலே படகில் ஒருவர் கையில் இருக்கும். அவரும் உடன் மூழ்குவதில்லை. நம் துணைவரோ அதே ஆழத்தில், அதே காற்றைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் எவ்வளவு பெரிய குட்டி? கடைக்காரரைக் கேட்காமல் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்ப்பதே நல்லது. 30 மீட்டரில் நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம்: 160 லிட்டர். அங்கிருந்து 5 மீட்டர் வரை ஏற 2.8 நிமிடம், அந்தப் பாதையின் சராசரி அழுத்தம் 2.75 பார், பயந்த மூச்சு 40 லிட்டர்: 308 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம். இதற்குள் மனம் கொஞ்சம் அடங்கியிருக்கும், 30 லிட்டர் என்று வைப்போம்: 135 லிட்டர். கடைசி 5 மீட்டருக்கு ஒரு இருபது. மொத்தம் ஏறக்குறைய 625 லிட்டர்.

3 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 600 லிட்டர். கடைசிப் பத்துப் பாரை ரெகுலேட்டர் ஒழுங்காகக் கொடுக்காது என்பதால் கைக்கு வருவது 570. கொஞ்சம் இடிக்கிறது. ஆனால் வழியில் நின்று நின்று ஏற வேண்டிய கட்டாயம் வராத ஆழ, நேர எல்லைக்குள் இருந்திருந்தால் அந்த 3 நிமிட நிறுத்தம் நல்லதே தவிர கட்டாயம் இல்லை. அதைச் சுருக்கினால் 3 லிட்டர் தாங்கும். 4.3 லிட்டர் சிலிண்டர் என்றால் 860 லிட்டர், தாராளம். 1.9 லிட்டருக்கு 380தான். அது 20 மீட்டருக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய சாமான். ஒரே கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய, தலையிலேயே வாய்ப்பகுதி பொருத்திய குட்டிக் குப்பிகளும் விற்கிறார்கள். அவற்றில் ஒரு வகையில் 85 லிட்டர் கொள்ளும். 30 மீட்டரில் பயந்தவருக்கு அது அரை நிமிடம். விளம்பரப் படத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. குட்டி சிலிண்டரின் காற்றை, கீழே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற திட்டத்தில் சேர்க்கவே கூடாது. சேர்த்த நிமிடமே அது சேமிப்பு இல்லை, இரண்டாவது டாங்க். ஜே வால்வு காலத்துத் தவற்றைப் புதுச் சாமானைக் கொண்டு திரும்பச் செய்வதாகும்.

கட்டும் விதத்துக்கு வருவோம். தனியான வால்வு, தனியான முதல் நிலை, தனியான வாய்ப்பகுதி, தனியான மானி, இந்த நான்கும் இருந்தால்தான் இது உண்மையில் இன்னொரு கிணறு. மானி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. முதல் நிலையில் நேராகத் திருகும் சட்டைப் பொத்தான் அளவு மானி போதும்.

முதுகில் பெரிய சிலிண்டரோடு பட்டை போட்டுச் சேர்த்துக் கட்டுவது ஒரு வகை. குளிர்நீர் நாடுகளில் இப்படிப் பலர் கட்டுகிறார்கள். அங்கே குட்டி சிலிண்டருக்கான காரணமும் கொஞ்சம் வேறு: உயரழுத்தக் காற்று விரியும்போது குளிர்ந்துபோகும், தண்ணீரே 4, 5 டிகிரியில் இருந்தால் முதல் நிலையில் பனி கட்டி, வால்வு திறந்தபடியே உறைந்து, காற்று பீறிட்டுக் கொட்ட ஆரம்பிக்கும். நிரம்பிய சிலிண்டர் சில நிமிடங்களில் காலி. நம் வெதுவெதுப்பான கடலில் அந்தப் பயம் இல்லை. இங்கே ஹோஸ் வெடிப்பதுதான் கவலை. அதிலும் எல்லோரும் தப்பாகவே ஊகிக்கும் ஒன்று உண்டு. 200 பார் தாங்கும் மானி ஹோஸ் வெடித்தால் காற்று மெதுவாகப் போகும். வெறும் பத்துப் பார் சுமக்கும் மூச்சு ஹோஸ் வெடித்தால்தான் சட்டென்று போகும். மானி ஹோஸின் வாயில் ஊசித்துளை அளவுதான் வழி விட்டிருக்கிறார்கள். மானி முள்ளை நகர்த்த அவ்வளவே போதும். மூச்சு ஹோஸுக்கு நுரையீரலை நிரப்பும் அளவுக்கு வழி வேண்டுமே.

முதுகில் கட்டினால் வால்வு கைக்கு எட்டாது, மானி கண்ணுக்குத் தெரியாது. அதனால் எனக்குப் பக்கவாட்டில் தொங்கவிடுவதே பிடிக்கும். சிலிண்டரின் கழுத்தில் ஒரு கிளிப்பைக் கயிற்றால் முடிந்துவிட வேண்டும். வயிற்றுப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் கிளாம்ப் போட்டு, அதே கயிற்றை இழுத்துவந்து இன்னொரு கிளிப். மேல் கிளிப் இடது தோள் வளையத்தில், கீழ்க் கிளிப் இடுப்பு வளையத்தில். இரும்போடு இரும்பாக நேரே மாட்டாமல் நடுவில் கயிறு வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: உப்பில் கிளிப் இறுகிப்போனால் கத்தியால் அறுத்து விடுபடலாம். ஹோஸை மடித்துச் செருக எங்கள் வீட்டில் பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய பட்டைகள். கடையில் விற்கும் ரப்பரைவிட நாள்பட உழைக்கின்றன.

வால்வைத் திறந்துவைப்பதா, மூடிவைப்பதா என்பதில் முக்குளிப்பவர்கள் இரண்டு கட்சி. திறந்துவைத்தால் தெரியாமல் கசிந்து காலியாகலாம். மூடிவைத்தால் தேவைப்படும் வேளையில் திறக்க ஒரு கை வேண்டும். ஹோஸில் தங்கியிருந்த அழுத்தம் போய்விட்டிருந்தால் தண்ணீரும் உள்ளே ஏறலாம். முதுகில் இருந்தால் வேறு வழியில்லை, திறந்துதான் வைக்க வேண்டும். பக்கத்தில் தொங்கினாலும் நான் திறந்தே வைப்பேன். கசிந்தால் கண் முன்னாலேயே குமிழி வரும். மூச்சு முட்டுகிறவனுக்கு வால்வு எந்தப் பக்கம் திருகும் என்பதெல்லாம் மறந்துபோகும்.

ஆனால் திறந்துவைப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன்.

பிரிட்டிஷ் சார்ஜன்ட் பக்கம் ஒரு காலை இறங்கினோம். படகு ஆடிக்கொண்டிருந்தது, மார்பில் இரண்டு வாய்ப்பகுதிகளும் கறுப்பு நிறம், கைக்கு வந்ததைக் கவ்விக்கொண்டு குதித்துவிட்டேன். கீழே போய் ஏழு நிமிடம் கழித்துப் பெரிய மானியைப் பார்த்தால் 200. முள் அசையவே இல்லை. இன்றைக்கு என்ன நிதானமாக மூச்சு விடுகிறோம் என்று ஒரு கணம் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அடுத்த கணம் முதுகு சில்லிட்டது. குனிந்து குட்டி மானியைப் பார்த்தேன்: 80. ஏழு நிமிடமாக மட்டக்குதிரையின்மேல்தான் சவாரி செய்துகொண்டிருந்திருக்கிறேன். இன்னும் ஐந்து நிமிடம் பார்க்காமல் இருந்திருந்தால் மூச்சு நின்றிருக்கும். பெரிய மானி 200 காட்டும். கை இடது பக்கம் சேமிப்பைத் தேடும். அந்தச் சேமிப்புதான் வாயில் இருக்கிறது.

அன்றைக்குப் பிறகு குட்டியின் வாய்ப்பகுதிக்குப் பச்சை மூடி போட்டேன். கண்ணை நம்பாதவன் என்பதால், அதன் மவுத்பீஸையும் வேறு வடிவத்தில் மாற்றினேன். கவ்வியதுமே பல்லுக்குத் தெரிந்துவிடும். அது மார்பில் தளர்வாகக் கிடப்பதில்லை, மோவாய்க்குக் கீழே ரப்பர் கயிற்று வளையத்தில் தொங்குகிறது. குதிப்பதற்கு முன் பெரிய மானியைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு இழுக்கிறேன். வால்வு சரியாகத் திறக்காமல் இருந்தால் முள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடும். வாயில் இருப்பது தவறான வாய்ப்பகுதி என்றால் துளிகூட ஆடாது. நிரம்பிய பெரிய சிலிண்டரில் நாலு மூச்சு முள்ளை நகர்த்தாதே என்று கேட்கலாம். சரிதான். அதனால் தண்ணீரில் இறங்கி 5 மீட்டரில் ஒருமுறையும், அடியில் மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறையும் இரண்டு மானிகளையும் பார்க்கிறேன்.

உள்ளே என்ன காற்று என்பதும் சும்மா விடக்கூடியது இல்லை. ஆக்சிஜன் 32 சதவீதம் கலந்த நைட்ராக்ஸ் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. 1.4 பாருக்கு மேல் ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் போகக் கூடாது என்பது பொது வழக்கம். 32 சதவீதத்துக்கு அது 33 மீட்டரோடு சரி. அதை நிரப்பிய குட்டியோடு 53 மீட்டரில் இருப்பவர் மூச்சு இழுத்தால் 2 பார் ஆக்சிஜன்; வலிப்பு வரக்கூடிய அளவு. சேமிப்பில் சாதாரணக் காற்றை மட்டும் அடைத்து, நிரப்பிய தேதியைச் சிலிண்டர் தோளில் ஒட்டிவைப்பதே சிக்கலில்லாத வழி. தேதி எதற்கு என்றால், அதிகம் பயன்படாத சிலிண்டர்தான் மூலையில் கிடந்து கெடுகிறது. உள்ளே ஈரம் தங்கிய இரும்புச் சிலிண்டரில் துரு பிடிக்கும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனைத்தான் தின்கிறது. மானியில் அழுத்தம் ஓரளவுதான் குறையும். மூச்சில் உயிர் இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பதும், பல நாடுகளில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்வதும் குட்டி சிலிண்டருக்கும் உண்டு. குட்டி என்பதற்காக விலக்கு இல்லை.

நிரப்புவதிலும் அவசரப்படக் கூடாது. சின்னச் சிலிண்டர் சீக்கிரம் நிரம்பும், அதே வேகத்தில் சுடவும் செய்யும். 60 டிகிரி சூட்டில் 200 பார் காட்டிய சிலிண்டர், 28 டிகிரிக்கு ஆறியதும் 180தான் காட்டும். கணக்கில் போட்ட அந்தக் கடைசி அறுபது லிட்டர் வெறும் சூடுதான்.

ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது 5 மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மோவாய்க்குக் கீழே கையை விட்டுப் பச்சை வாய்ப்பகுதியை எடுத்துக் கவ்வி, அந்த மூன்று நிமிட நிறுத்தத்தைக் குட்டியிலேயே கழிக்கிறேன். சில நாள் முதல் மூச்சில் உப்புத் தண்ணீர் வரும். ஊதி வெளியேற்றிவிட்டு இழுக்க வேண்டும். ஒருமுறை மணல் வந்தது.

கரையில் நன்னீர்த் தொட்டியில் முக்கி எடுத்து மேசையில் வைத்தால் மானி 175 காட்டும். கம்ப்ரசர் போடும் பையன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பான்.

"அண்ணன், இதில கொஞ்சம்தானே குறைஞ்சிருக்கு. இதையும் நிரப்பவேணுமா?"

"நிரப்புங்க தம்பி. ஆற விட்டு இன்னொருக்காப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே பெரிய சிலிண்டர்களின் வரிசைக்குக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறான்.